நிழல் பால் குடிக்கிறது

நிழலுக்கு எடை ஏறிக்கொண்டே போனது. பிள்ளைக்கு இறங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி நிழலைத்தான் நம்பியது.

மைனாவதி பிள்ளையைத் துணியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ரெஜினா. டாக்டரின் இரண்டு கைகளும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் இருந்தன. பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். கை வெளியே கிடந்தால் பழக்கதோசத்தில் பிள்ளையைத் தொட்டுவிடுமாம்.

சுவரில் இருந்த திரையில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. குடித்தது, ஏப்பம் விட்டது, தூங்கிப்போனது.

"பாரும்மா. இது உன் பிள்ளையோட நிழல். குடிச்ச பால் வயித்துல இருந்து குடலுக்கு இறங்குது. ஒரு தடையும் இல்ல" என்றார் டாக்டர்.

"என்ற புள்ள கக்குதுங்க டாக்டரம்மா. குடிச்ச ஒடனே இல்லீங்க, சித்த நேரங்கழிச்சு. பீச்சி அடிக்குது. எதுத்த செவுத்துல போயி விழுகுதுங்க."

"என்ன நிறம்?"

"பாலாத்தான் வருதுங்க. தயிராட்டம். மஞ்சளும் இல்ல, பச்சையும் இல்ல."

"கக்கின பிறகு சோர்ந்து படுத்துக்குதா?"

"எங்கீங்க! மறுக்காவும் வாயத் தொறக்குது. சீக்குப் புள்ளைன்னா மாரைச் சீந்தாது. இது என்னையவே கடிச்சுத் தின்னராப்பல பாக்குது."

டாக்டர் திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துணிக்குள் பார்த்தார். உள்ளே கன்னம் ஒட்டி, நெற்றியில் கிழவி மாதிரிச் சுருக்கம் விழுந்து, கண் மட்டும் பெரிசாக ஒரு பிள்ளை. டாக்டரின் கோட்டுப்பை ஒருமுறை அசைந்து அடங்கியது.

"நிழல் கக்கலையே" என்றார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"நெழலுக்கென்னங்க, அதுக்கு வவுறா இருக்குது?"

"இருக்கு. அதுதான் சங்கடம். உன் பிள்ளையோட அதே வயிறுதான் அங்க இருக்கு."

அந்த வயிறு யாருடையது என்று மைனாவதிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

நிழற்பிள்ளைத் திட்டம் கெட்ட திட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பச்சைப் பிள்ளையை ஊசியால் குத்தி, மூக்கில் குழாயை விட்டு, கதறக் கதறச் சோதிப்பதற்குப் பதிலாக, பிறந்ததும் ஒரு தடவை கருவியில் படுக்கவைத்தால் போதும். உள்ளும் புறமும் அளந்து அச்சு அசலாக இன்னொரு பிள்ளையைக் கருவி தனக்குள் உண்டாக்கிவிடும். அதற்குப் பிறகு குத்துவது, அறுப்பது, மருந்து கொடுத்துப் பார்ப்பது எல்லாம் நிழலுக்குத்தான். நிழல் பிழைத்தால் அந்த மருந்து பிள்ளைக்கு. நிழல் செத்தால் வேறு மருந்து. நிழல் அழுதாலும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலிலும் பேதியிலும் சாகிற பிள்ளைகள் குறைந்துபோனார்கள். பெற்றவர்களுக்கும் சந்தோசம்தான்.

சட்டம் பிறகு வந்தது. நிழல் நன்றாக இருந்து பிள்ளை மெலிந்தால் குற்றம் பிள்ளையிடம் இருக்க முடியாது, வளர்க்கிறவர்களிடம்தான் இருக்கவேண்டும் என்றது சட்டம். பெண்பிள்ளை என்று பாலில்லாமல் போட்டுவிடுகிற பாவிகளைப் பிடிக்கத்தான் அதை எழுதினார்கள். சிலரைப் பிடிக்கவும் செய்தார்கள். அப்படிப்பட்ட சட்டத்தை எந்த மனுசன் எதிர்ப்பான்? கூடவே ஒரு வரியும் சேர்த்தார்கள்: நிழல் உள்ள பிள்ளையை மருத்துவர் கையால் சோதிக்கக் கூடாது. கை தப்புச் செய்யும், நிழல் செய்யாது.

ஓடைக்காட்டுப்புதூர் ஒரு தறி ஊர். தறிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அறுந்த இழையை முடிச்சுப் போட மட்டும் அவற்றுக்கு இன்னும் வரவில்லை. அந்த முடிச்சைப் போடத்தான் மைனாவதியும், அவள் புருசன் அர்த்தநாரியும், பக்கத்து வீட்டுக் கோகிலாவும் பட்டறைக்குப் போய்வந்தார்கள். முதலாளி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் பிள்ளை தும்மினால் அந்த வீட்டில் இருந்து 'நூறு' என்று வாழ்த்துவார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்து முப்பது நாள் கழியாத பிள்ளையைக் கண்ணாடியில் காட்டமாட்டார்கள், படம் பிடிக்க விடமாட்டார்கள். படம் வளரும், பிள்ளை தேயும் என்று பேச்சு. திட்டமோ பிறந்த வாரத்திலேயே நிழல் எடுத்தாகவேண்டும் என்றது. பிள்ளை தூங்குகிறது, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பெண்கள் நாளைக் கடத்துவார்கள். மைனாவதியால் கடத்த முடியவில்லை. நிழல் எடுக்க வருகிற சம்பூரணம் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரே அவளை நிழலக்கா என்றுதான் கூப்பிடும். மைனாவதி கையைப் பிசைந்துகொண்டு உள்ளே போனாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி வழியாகக் கோகிலா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இவளையே குடுத்துரு. இவளுக்கு முப்பது தாண்டிருச்சு, நெழலும் எடுத்தாச்சு. இன்னொருக்கா எடுத்தா தேஞ்சா போயிருவா?"

"கண்டுபுடிச்சுட்டா?"

"ஒரே புள்ளைய ரெண்டுவாட்டி எடுப்பாங்கன்னு மெசினு செஞ்சவன் நெனச்சிருப்பானா? அவன் ஒருவாட்டி எடுக்கறதுக்கே நாம கெஞ்சிட்டிருப்பம்னு நெனச்சிருப்பான்."

இரண்டும் பெண்பிள்ளைகள். சம்பூரணம் கோகிலாவின் பிள்ளையைக் கருவியில் கிடத்தி, எடையைப் பார்த்து, "ஆசுபத்திரியில எழுதுன எடைக்கு இது மலையாட்டம் இருக்குதே மைனா" என்றாள்.

"பாலு நல்லா ஊறுதுங்க்கா."

சம்பூரணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அன்றைக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. "ஊறட்டும், ஊறட்டும்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சு அப்படியே பலித்தது. படம் வளர்ந்தது. பிள்ளை தேய்ந்தது.

மைனாவதியின் பிள்ளை முதலில் கொஞ்சமாகக் கக்கியது. பச்சைப்பிள்ளை கக்காமல் கல்லா கக்கும் என்றார்கள். பிறகு குடித்ததெல்லாம் வெளியே வந்தது. உரம் விழுந்திருக்கும், உள்ளே எங்கோ சுளுக்கு என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். சரியாகவில்லை. தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். வயிற்றில் சிக்கிக்கொண்டதை வாயால் ஊதி எடுக்கிற வைத்தியர் அவர். பிள்ளையின் வயிற்றில் வாயை வைத்து ஊதி, உறிஞ்சி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு கறிவேப்பிலைத் துண்டை எடுத்துக் காட்டினார்.

அர்த்தநாரி அதிகம் பேசாதவன். அவனே கேட்டுவிட்டான். "ஏனுங்க, புள்ள தாய்ப்பாலத் தவர ஒண்ணும் தொட்டதில்ல. கருவேப்பில எப்படீங்க?"

"ஊட்ல தாளிக்கிறீங்களா இல்லியா?"

"தாளிக்கிறமுங்க."

"அந்த வாசத்துல ஏறியிருக்கும்" என்றார் வைத்தியர், கொஞ்சமும் அசராமல்.

திரும்பி வருகிற வழியிலேயே பிள்ளை கக்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நிழல் பால் குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் சம்பூரணம் வந்தாள். இந்தத் தடவை தோளில் கருவி இல்லை. உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"மைனா, கவனிப்புக் கொறவுன்னு உன்ற பேரு வந்திருக்குது. வெள்ளிக்கெழம ஆளுங்க வருவாங்க. புள்ளையக் காப்பகத்துக்குக் கொண்டுபோயிருவாங்க."

"அங்க கொண்டுபோயி?"

"நெழலு எத்தன குடிக்குதோ அத்தன புட்டிப்பாலு வேளா வேளைக்குப் பொகட்டுவாங்க. எடை ஏறுனாத் திருப்பிக் குடுப்பாங்க."

மைனாவதிக்கு அந்தத் திரைப் பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது கண்ணுக்குள் வந்தது. அத்தனையையும் இந்தப் பிள்ளைக்குள் ஊற்றினால், வெளியே வரவும் விடாமல் தலையைப் பிடித்துக்கொண்டால், என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

"அக்கா, அந்த நெழலு இருக்குதுங்களே, அது வந்து..."

"எங்கிட்டச் சொல்லாத!" சம்பூரணம் வெடுக்கென்று கையைத் தூக்கினாள். "எனக்குத் தெரிஞ்சா நான் எழுதோணும். எழுதுனா உன்ற புள்ளையும் போகும், என்ற வேலையும் போகும். எனக்கு அன்னிக்கும் ஒண்ணும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது." செருப்பை மாட்டிக்கொண்டவள் நின்றாள். "தண்ணியாச்சும் நிக்குதா அதுக்கு?"

"பாதி நிக்குதுங்க."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பட்டறையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசினால் யார் காதிலும் விழாது. அதனால் அந்த ஊரில் ரகசியங்களை உரக்கக் கத்தித்தான் பேசுவார்கள். மைனாவதி கோகிலாவின் காதருகில் கத்தினாள்.

"சொல்லிரலாம்னு இருக்கறன்!"

"சொல்லு! ஆள மாத்திக் குடுத்தது தெரிஞ்சா ரெண்டு புள்ளையயும் எடுத்துட்டுப் போயிருவாங்க. என்ற புள்ள காப்பகத்துல கெடக்கட்டும், நல்லாச் சொல்லு!"

"உன்ற பேர இழுக்கமாட்டன்!"

"நீ இழுக்காட்டி? அதே மூஞ்சி ஆசுபத்திரிச் செவுத்துல சிரிச்சிட்டிருக்குது! குருடனா அவனுக?"

"எம்புள்ள செத்துருங் கோகிலா!"

அந்த நேரம் பார்த்து ஒரு தறியில் இழை அறுந்து தறி நின்றது. 'செத்துரும்' என்பது மட்டும் பட்டறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலா போய் முடிச்சைப் போட்டாள். தறி மறுபடி ஓடியது. அதற்குப் பிறகு அவள் மைனாவதி பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தாழ் விழுந்தது இங்கே தெளிவாகக் கேட்டது.

அர்த்தநாரி பிள்ளையின் காலைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிரலாம் மைனா."

"சொன்னா எடுத்துக்குவாங்க மாமா."

"இருந்தாத்தான எடுப்பாங்க?"

காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ரெஜினா திரையைப் போட்டார். நிழல் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, அத நிறுத்துங்க" என்றாள் மைனாவதி. "அது என்ற புள்ள நெழலு இல்லீங்க. அன்னிக்கு வேற புள்ளையக் குடுத்துட்டமுங்க. படம் புடிச்சா தேஞ்சிரும்னு பயந்துட்டு."

சுவரில் நிழல் ஏப்பம் விட்டது.

"யாரோட பிள்ளை?" என்றார் டாக்டர்.

"அதச் சொல்லமாட்டனுங்க. என்னைய என்ன வேண்ணாப் பண்ணிக்கங்க."

"சொல்லாத." டாக்டர் வேகமாக எழுந்து கதவைச் சாத்தினார். "அது யாரோடதுன்னு எனக்குத் தேவையே இல்ல. இவளோடது இல்லன்னு சொன்ன பாரு, அது போதும். திருப்பிச் சொல்லு, எழுதிக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு நிழல் உண்டா, இல்லையா?"

"இல்லீங்க."

டாக்டர் எழுதினார். எழுதி முடித்ததும் கோட்டுப்பையில் இருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"நிழல் எடுக்காத பிள்ளையை மருத்துவர் கையால பார்க்கலாம்னு ஒரு பழைய விதி இருக்கு. திட்டம் தொடங்கினப்ப எழுதினது. நிழல் இல்லாத பிள்ளையே ஊர்ல இல்லாமப் போனதால அதை யாரும் அடிச்சு நீக்கல." கையை உரசிச் சூடாக்கிக்கொண்டார். "பிள்ளையக் குடு."

பிள்ளையைப் படுக்கவைத்து, துணியை விலக்கி, கொஞ்சம் பால் புகட்டச் சொன்னார். பிறகு மூன்று பேரும் அந்த ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் இடது விலா ஓரமாகத் தோலுக்குக் கீழே ஒரு மேடு எழும்பியது. தண்ணீருக்குள் மீன் போகிற மாதிரி மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து அடங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

"ஐயோ, என்னங்க அது?" என்றான் அர்த்தநாரி.

"வயிறு. பாலைக் குடலுக்குள்ள தள்ளப் பாக்குது. வாசல் திறக்கல." டாக்டர் விரலால் அமுக்கி அமுக்கித் தேடினார். "வழக்கமா இந்த வயசுல வாசல்ல இருக்கிற தசை தடிச்சுப்போய் அடைச்சுக்கும். அமுக்கினா சின்ன நெல்லிக்காய் மாதிரிக் கையில தட்டுப்படும். அது நிழலுக்கும் நல்லாத் தெரியும், ஆயிரம் பிள்ளையில பாத்திருக்கு. இங்க நெல்லிக்காய் இல்ல. வேற என்னமோ."

பெரியவர்களுக்கான எக்ஸ்ரே அறை ஒன்று மிச்சம் இருந்தது. பெரியவர்களுக்கு நிழல் கிடையாது, அவர்களைக் குத்தலாம். வெள்ளை மருந்து கலந்த பாலைப் பிள்ளைக்குக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் பால் ஒரு பைக்குள் தேங்கி நின்றது. வாசலுக்குச் சற்று முன்னால் மெல்லிசாக ஒரு கோடு. அதன் நடுவில் இருந்து நூலிழை மாதிரிக் கொஞ்சம் பால் கசிந்தது.

"சவ்வு" என்றார் டாக்டர். அவர் முகம் சந்தோசமா துக்கமா என்று தெரியாதபடி இருந்தது. "வாசலுக்கு முன்னால குறுக்க ஒரு சவ்வு, பிறவியிலேயே. நடுவுல ஊசித்துளை. அந்தத் துளையாலதான் இவ்வளவு நாள் உசிரோட இருக்கா. லட்சத்துல ஒரு பிள்ளைக்கு வந்தா அதிகம். அறுத்து எடுத்துட்டா தீர்ந்தது."

"அறுக்கறதுக்கு மெசினு இருக்குதுங்களா?"

"இருக்கு. முதல்ல நிழலை அறுத்துப் பாத்துட்டுத்தான் மெஷின் பிள்ளைமேல கை வைக்கும். நிழல் இல்லன்னா அது அசையாது. நான்தான் அறுக்கணும்."

மைனாவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டாக்டரம்மா, நீங்க கடைசியா எப்பங்க அறுத்தீங்க?"

"நேத்து. முருங்கைக்காய்."

அர்த்தநாரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"பிள்ளைய அறுத்து வருசக்கணக்காச்சு" என்றார் டாக்டர். "கை நடுங்காதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்குது" என்றாள் மைனாவதி. "நடுங்குனாலும் கையிதானுங்களே."

உடம்பு வற்றிக் கிடக்கும்போது அறுக்கக் கூடாது என்று பிள்ளைக்கு முதலில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே சம்பூரணம் கருவியோடு வந்துவிட்டாள். நிழல் இல்லை என்று டாக்டர் எழுதியது மேலே போய், மேலே இருந்து அவளுக்கு உத்தரவு வந்திருந்தது.

"நெழலில்லாத புள்ளைக்கு ஒடனே நெழலெடுக்கணும்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

"எடுத்துட்டா நான் தொட முடியாது."

"தெரியுமுங்க. ஆனா புது நெழலு இதோடதுதானுங்களே. அதுலயே அந்தச் சவ்வு தெரியாதுங்களா?"

"தெரியாது சம்பூரணம்." டாக்டர் அசதியாகச் சொன்னார். "சவ்வு ரொம்ப மெலிசு. உன் மெஷினுக்கு ஒரு இடம் சரியாத் தெரியலன்னா அது என்ன பண்ணும்? தெரிஞ்ச பிள்ளைகளை வச்சு நிரப்பிக்கும். அதுக்குத் தெரிஞ்ச பிள்ளைகள்ல யாருக்கும் அங்க சவ்வு கிடையாது. அதனால இவளுக்கும் இல்லன்னு வரைஞ்சு வச்சிரும். நிழல் ஜோராப் பால் குடிக்கும்."

மைனாவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப... அன்னிக்கு நான் நாயமா என்ற புள்ளையவே குடுத்திருந்தா?"

டாக்டர் சொட்டு இறங்குகிற வேகத்தைச் சரிபார்த்தார்.

நியாயமாக நடந்திருந்தால் அந்த நிழல் அசல் நிழலாக இருந்திருக்கும். அது என் பிள்ளையுடையது இல்லை என்று எந்த வாயாலும் சொல்லியிருக்க முடியாது. எல்லாம் சட்டப்படி நடந்து, பிள்ளை சட்டப்படி செத்துப்போயிருக்கும். மைனாவதி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் இருந்து போட்டாலும் அதுவேதான் வந்தது. ஏமாற்றியதற்காக அழுவதா, ஏமாற்றாமல் இருந்திருந்தால் என்று அழுவதா என்று தெரியாமல் அழாமலே நின்றாள்.

"உடனேன்னா எப்ப எடுக்கணும்?" என்றார் டாக்டர்.

"ஒடனேதானுங்க."

"மெஷின்ல சார்ஜ் இருக்கா?"

சம்பூரணம் கருவியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பச்சை விளக்கு நிறைந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சம்பூரணம் முந்தானையை எடுத்து விளக்கின்மேல் போட்டாள்.

"இல்லீங்க டாக்டர். சுத்தமா எறங்கிப்போச்சு. ஏத்தறதுக்கு இன்னிப் பொழுது ஆயிரும்."

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது கோகிலா வந்தாள். ஒரு கையில் தூக்குப்போசி, இடுப்பில் அந்தக் கொழுகொழுப் பிள்ளை. மைனாவதிக்கு எதிரில் போய் நிற்காமல், அர்த்தநாரியிடம் போசியை நீட்டினாள்.

"உங்களுக்குத்தானுங்கண்ணா. அவளுக்கில்ல. அவகூட நான் பேசறதாவே இல்ல."

"செரி" என்றான் அர்த்தநாரி.

"கொள்ளுப் பருப்பு வெச்சிருக்கறன். அவளுக்குப் புடிக்கும், அதுக்காக வெக்கல."

"செரி."

கோகிலா பெஞ்சியின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பிறகு பெஞ்சிமேலேயே நகர்ந்து நகர்ந்து வந்து, பேசாமல், மைனாவதியின் தோளில் இடித்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். அதற்குள் வெங்காயத் தோலைவிட மெலிசாக ஒரு துணுக்கு மிதந்தது.

"இவ்வளவுதான். வாசலையும் கொஞ்சம் பெரிசாக்கி வச்சிருக்கேன்."

"இதுங்களா?" என்றாள் மைனாவதி. அவளுக்கு நம்ப முடியவில்லை. ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய விசாரணை தள்ளிப்போய், தையல் ஆறின பிறகு நடந்தது. ஆஸ்பத்திரிக்கு மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். பிள்ளை நன்றாக இருப்பதால் கவனிப்புக் குறைவு என்ற குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆள் மாற்றிய குற்றம் மட்டும் பாக்கி. மாற்றிக் கொடுத்த பிள்ளை எது என்று கேட்டார்கள். மைனாவதி வாயைத் திறக்கவில்லை. மூவரும் சுவரில் இருந்த நிழலைக் கூர்ந்து பார்த்தார்கள். நிழலின் மூக்கை அளந்தார்கள். காதைப் பெரிசாக்கிப் பார்த்தார்கள். அதே மூக்கும் அதே காதுமாக அந்தப் பிள்ளை துணைக்கு வந்திருந்த கோகிலாவின் இடுப்பில் உட்கார்ந்து, அவர்களில் ஒருவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

'உரியவர் அறியப்படாத நிழல்' என்று எழுதி முடித்தார்கள். மைனாவதிக்கு எச்சரிக்கை. டாக்டர் ரெஜினாவைத் தண்டிக்க விதியில் இடமில்லாததால் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்தப் பழைய விதியை அடிப்பதற்கு ஒரு குழுவும் போட்டார்கள். குழு இன்னும் கூடவில்லை.

கடைசியில் அசல் பிள்ளைக்கு அசல் நிழல் எடுக்கச் சம்பூரணம் வந்தாள். இந்தத் தடவை மைனாவதி மறைக்கவில்லை, மாற்றவில்லை. தன் பிள்ளையைத் தானே கருவியில் கிடத்தினாள். முப்பதெல்லாம் எப்போதோ கழிந்திருந்தது. கருவி ஓய்ந்ததும் அதன் திரையில் நிழல் கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டது.

"அப்பா! அச்சு அசல்" என்றாள் சம்பூரணம். "ஒரு கைநாட்டு வெச்சுரு. இனிமே தொந்தரவில்ல."

மைனாவதி கட்டைவிரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். நிழலின் வயிறு வழவழவென்று இருந்தது.

"அக்கா, தழும்பு எங்கீங்க?"

சம்பூரணம் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு இருந்தது. திரையைப் பார்த்தாள். இல்லை.

"இத்தன சின்னப் புள்ளைக்கு அந்த எடத்துல தழும்பு இருக்காதுன்னு அதுவா முடிவு பண்ணிருச்சாட்டம் இருக்குது." குரலைத் தாழ்த்தினாள். "வெளிய ஒரு கோடுதான மைனா. உட்டுத் தள்ளு."

"வெளிய இருக்கறதே தெரியலீன்னா, உள்ள என்னத்தப் பாத்துச்சு?"

"நெழலில்லாட்டி சத்துமாவு கெடைக்காது, தெரியுமில்ல? பால்வாடியில சேத்தமாட்டாங்க. ஒவ்வொரு சளிக்கும் நீ தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு நடக்கோணும்."

"நடக்கறனுங்க்கா."

சம்பூரணம் அவளையே பார்த்தாள். பிறகு கைநாட்டு விழாத நிழலை அழித்து, கருவியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, 'நிழல் இல்லை' என்று எழுதிக்கொண்டாள். போகும்போது, "சார்ஜு எறங்கிப்போச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தது. மைனாவதி தூக்கிக்கொண்டு நடந்தாள். டாக்டர் ரெஜினாவின் நாற்காலியில் இளவயதுப் பையனாக ஒரு புது டாக்டர் இருந்தார். மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. பிள்ளையின் எண்ணைக் கேட்டார். இல்லை என்றாள். நிழல் இல்லையா என்றார். இல்லை என்றாள். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று திரையைப் போட்டுப் பார்த்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். தட்டிப் பார்த்தார்.

"நான் படிச்சதெல்லாம் நிழல்லதாங்க" என்றார் மெதுவாக. "நெசப் பிள்ளையை இதுவரைக்கும்..."

"பரவால்லீங்க சார்" என்றாள் மைனாவதி. "அதுக்கும் நீங்க புதுசுதான்."

பிள்ளை தும்மியது. வெளியே வரிசையில் காத்திருந்த யாரோ ஒரு பொம்பிளை "நூறு" என்றாள். திரையில் ஒன்றும் இல்லாததால், டாக்டர் வேறு வழியில்லாமல் பிள்ளையைப் பார்த்தார்.